நிழல் விழாத கூரை

அந்த அலுவலகத்தில் யாரும் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. மேலாளர் 'வாத்தியார்'. இழுப்பறையில் எந்நேரமும் ரொட்டித் துண்டு வைத்துக்கொண்டு, விசைப்பலகையெல்லாம் துகள் கொட்ட வேலை பார்க்கிற ஆள் 'ரொட்டி'. அவள் 'பருந்து'. அத்தனை உயரத்திலிருந்து எடுத்த படத்தில் கொடியில் காய்கிற துணியைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள் என்று வாத்தியார் எப்போதோ விளையாட்டாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே மட்டும் முகத்தைச் சுளித்துக்கொள்வாள். வீட்டில் சண்டை வந்தால் கணவன்கூட, "ஆபீஸ்ல வேணா நீ பருந்தா இருக்கலாம்" என்றுதான் ஆரம்பிப்பான்.

செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களைப் பார்ப்பதுதான் அவர்கள் பிழைப்பு. புயல் கடலில் இருக்கும்வரை மேகச் சுருளைப் பார்த்து, அது எங்கே நிற்கிறது, எவ்வளவு இறுக்கமாகச் சுற்றுகிறது, நடுவில் கண் திறந்துவிட்டதா என்று சொல்வார்கள். கரை கடந்த பிறகு வேலை மாறிவிடும். புயலுக்கு முன்னால் எடுத்த படம் இடது பக்கம், பின்னால் எடுத்தது வலது பக்கம். இரண்டையும் ஒப்பிட்டுக் கூரை கூரையாக நிறம் வைக்க வேண்டும். இடிந்தது சிவப்பு, சந்தேகம் மஞ்சள், நிற்பது பச்சை. நிறம் வைத்த வரைபடம் நிவாரண அறைக்குப் போகும். அங்கே படகும் ஆளும் எப்போதும் பற்றாக்குறை. ஆகவே முதலில் சிவப்புக்குப் போவார்கள், அப்புறம் மஞ்சள். பச்சைக்குக் கடைசியில்தான்.

ஜன்னலையெல்லாம் திரைபோட்டு மூடிய நீளமான அறை அது. வெளிச்சம் திரையில் பட்டால் கண் ஏமாறும் என்று பகலிலும் அரையிருட்டு. குளிர்சாதனம் கணினிகளுக்காக ஓடுகிறதே தவிர மனிதர்களுக்காக இல்லை. எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஆறிப்போன தேநீரை உறிஞ்சிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கழுத்து வலி அங்கே எல்லோருக்கும் பொதுச் சொத்து.

வாத்தியாருக்கு எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கு இத்தனை என்று கொடுக்கும்போது, சொந்த ஊர் இருக்கிற கட்டம் வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். "சொந்த வீட்ட கண்ணு பாக்காது. ஆசை பாக்கும், இல்லேன்னா பயம் பாக்கும்" என்பார். போன வருஷத்து வெள்ளத்தில் ரொட்டி தன் மாமியார் ஊர்க் கட்டத்தை அவளிடம் தள்ளிவிட்டு, நான் பார்த்தால் மொத்தத்தையும் சிவப்பாக்கிவிடுவேன், அப்புறம் அந்தம்மா இங்கேயே வந்து தங்கிவிடும் என்று சிரித்தான்.

அவளுடைய சொந்த வீடு இருந்தது கடலுக்கும் ஆற்றுவாய்க்கும் நடுவில் ஒரு மணல் திட்டில். அங்கே வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரே நீளத் தகரக் கூரை. அதன் கீழே செங்கல் சுவர் வைத்துத் தடுத்துத் தனித்தனி வீடாக்கியிருப்பார்கள். அப்பாவுக்குப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலை. வாசலில் எப்போதும் ஒரு எஞ்சின் வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா. தனிக்கட்டை. அப்பா தும்மினால் அங்கிருந்து "மாத்திர போட்டீங்களா" என்று குரல் வரும். இவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட சட்டையெல்லாம் அந்தம்மா தைத்ததுதான். வளர்கிற பிள்ளை என்று மடிப்பில் ஒரு சாண் துணியை உள்ளே விட்டுத் தைப்பார். அதனால் இவளுடைய பாவாடைகள் எல்லாம் கல்லைக் கட்டினாற்போல் கனக்கும்.

அம்மா இப்போது இவள் வீட்டில் இருந்தாள். விருந்துக்கு வந்தவள் இல்லை, கோபித்துக்கொண்டு வந்தவள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். தெருநாய் ஒன்று அவர்கள் சமையலறையில் நுழைந்து அடுப்புக்குப் பக்கத்தில் குட்டி போட்டுவிட்டது. அம்மா துரத்தப் போக, அப்பா குறுக்கே நின்று, பிள்ளை பெற்றவளைத் துரத்துவாயா என்று கேட்டார். வார்த்தை தடித்தது. நீங்களும் உங்க நாயும் குடித்தனம் நடத்துங்கள் என்று அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதிலிருந்து அப்பா போன் செய்தால், "நான் குளிக்கிறேன்னு சொல்லு" என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு சொல்வாள். ஒரு நாளைக்கு நாலு முறை குளித்தாள் அம்மா.

புயல் திட்டை நோக்கித் திரும்பிவிட்டது என்று தெரிந்ததும் இவள் அப்பாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள். ஐஸ் தொழிற்சாலை கான்கிரீட் கட்டடம், அங்கே போய்விடுங்கள். கண் உங்கள் மேலேயே கடந்துபோகலாம். அப்போது காற்று சட்டென்று நின்று வெயில்கூட அடிக்கும். முடிந்துவிட்டது என்று நம்பி யாரும் வெளியே வரக் கூடாது. மறுபாதி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அப்பா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். கடைசியில், அம்மா குளித்து முடித்துவிட்டாளா என்று கேட்டார். இல்லை என்றாள் இவள். "பாவம், தண்ணியிலேயே கெடக்குறா" என்று சிரித்துவிட்டு வைத்தார். அதுதான் கடைசியாகப் பேசியது. மறுநாள் முற்பகலில் புயலின் கண் திட்டின் மேல் வந்து நின்றதை அறையிலிருந்த எல்லோரும் திரையில் பார்த்தார்கள். பார்ப்பதற்கு அவ்வளவு சுத்தமான, வட்டமான கண். அழகாக இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியதற்காக அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அதன் பிறகு போன் இல்லை, பாதை இல்லை. மேகத்தை ஊடுருவிப் பார்க்கிற ரேடார் படத்தில் ஆற்றுவாயின் இரு கரைகளிலும் கறுப்பாகத் தண்ணீர் நின்றது தெரிந்தது. வீடுகளின் நிலை அதில் தெரியாது. வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கணவன் பஸ் ஓட்டிக் களைத்து வந்து, தானே முட்டையை வேகவைத்து, சோற்றைப் போட்டு, "அத்தை, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அம்மா தட்டைத் தொடவில்லை.

"ஒரு வார்த்த பேசியிருக்கலாம்டி" என்றாள். "நாய் என்னைக்கோ குட்டிய தூக்கிக்கிட்டு போயிருக்கும். நான்தான் வீம்பு புடிச்சேன்."

மேகம் விலகி முதல் படம் வந்தபோது கட்டங்கள் மேசைகளுக்குப் பிரிந்தன. அவளுடைய பங்கில் மூன்றாவதாகத் திறந்தது மணல் திட்டு. ஆற்றுவாயின் வளைவைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. ரொட்டியின் பக்கம் தள்ள வேண்டியதுதான். கை மவுஸின் மேல் போனது, நின்றது. தள்ளிவிட்டால் அவன் எப்போது பார்ப்பானோ, இருக்கிற வரிசையில் மத்தியானம் ஆகிவிடும். ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளிவிடலாம் என்று பெரிதாக்கினாள். அந்த அறையில் அவளுடைய சொந்த ஊர் எது என்று தெரிந்தவர் வாத்தியார் ஒருவர்தான். அவர் நிவாரண அறையோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கூரை இருந்தது.

அவர்கள் வரிசையின் நீளத் தகரம் முழுசாக, ஒரு மடிப்புகூட இல்லாமல் கிடந்தது. கடைசி முனையில் அப்பா சிவப்புச் சாயம் அடித்த தகரம்கூடத் தெரிந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அக்கம்பக்கத்தில் சில வரிசைகள் கிழிந்து தகரம் தெருவில் சிதறியிருந்தது. ஆற்றின் எதிர்க்கரை இன்னும் மோசம். இது மட்டும் தப்பித்திருந்தது.

அப்போதே தள்ளிவிட்டிருந்தால் எல்லாம் வேறாக இருந்திருக்கும். அவள் தள்ளவில்லை. பார்த்தாயிற்று, இனி நிறத்தையும் வைத்துவிடலாம் என்று இருந்துவிட்டாள். ஒன்று மட்டும் உறுத்தியது. பழைய படத்தில் கூரையின் ஓரத்துக்கும் அடிகுழாய் மேடைக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். புதிய படத்தில் அது குறைந்திருந்தது. கூரை ஒரு பக்கமாக நகர்ந்தாற்போல் இருந்தது. செயற்கைக்கோள் சாய்ந்து பார்க்கும்போது உயரமான பொருள்கள் இப்படி இடம் மாறித் தெரிவது சகஜம்தான். நிழலைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நின்றிருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் நிழல் விழும், நிழலின் நீளம் உயரத்தைச் சொல்லிவிடும். ஆனால் அன்றைய படத்தில் மெல்லிய மேகம் பாலாடையாகப் படர்ந்திருந்தது. ஊரில் எந்த வீட்டுக்கும் நிழல் இல்லை, மரத்துக்கும் இல்லை.

நிழலில்லாத படத்தில் கூரையை நம்பாதே, மஞ்சள் வை என்பது அந்த அறையின் பாலபாடம். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். ரொட்டியின் கையில் பேனாவால் எழுதிவிட்டதுகூட உண்டு. வேறு எந்தத் தெருவாக இருந்தாலும் யோசிக்காமல் மஞ்சள் வைத்திருப்பாள்.

மஞ்சளில் கையை வைத்தாள். உடனே, நாளைக்கு வாத்தியார் இதைத் திறந்து, கூரை முழுசாக இருக்கிற வரிசைக்கு ஏன் மஞ்சள் என்று கேட்டால்? உன் ஊர் என்பதால்தானே படகை அங்கே இழுத்தாய் என்று யாராவது சொல்லிவிட்டால்? எதிர்க்கரையில் சிவப்பாகக் கிடக்கிற ஊருக்குப் போக வேண்டிய படகு இதனால் தாமதமானால்? தன் வீட்டுக்குச் சலுகை காட்டக் கூடாது என்று அவள் நியாயமாகத்தான் நினைத்தாள். நியாயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. மஞ்சள் வைத்தால் சந்தேகம் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவளுக்குச் சந்தேகம் வேண்டாம். அப்பா நன்றாக இருக்க வேண்டும். இரண்டில் எது கையை நகர்த்தியது என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. வரிசை முழுவதற்கும் பச்சை வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"அம்மா, நம்ம வீட்ட பாத்துட்டேன். கூரை அப்படியே இருக்கு. ஒண்ணும் ஆகல."

அம்மா முதலில் நம்பவில்லை. நிஜமாகவா, எங்கள் வரிசைதானா, சிவப்புத் தகரம் தெரிந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தெரிந்தது என்றதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "பசிக்குதுடி" என்றாள். தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மருமகனிடம், அந்த மனுஷனுக்கு என்ன ஆகும், நாயே காவல் இருக்கும்போது என்று கிண்டல் பேசினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தினம் ஒரு வேளையாவது அவருக்குச் சோறு கொடுத்திருப்பாள், நல்ல மனுஷி என்றாள். அவன் மனைவியைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். வீடே இறுக்கம் தளர்ந்து மூச்சு விட்டது. அவளும் சிரித்தாள். அடிகுழாய் மேடையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது தன் நிழல் தனக்கு முன்னால் நீளமாகப் போவதைப் பார்த்தபடியே வந்தாள். புதிய படம் வந்திருந்தது. வேறொரு செயற்கைக்கோள், இளங்காலை வெயில், ஒரு பொட்டு மேகம் இல்லை. கேட்காமலேயே திட்டைத் திறந்தாள்.

எல்லாவற்றுக்கும் நிழல் விழுந்திருந்தது. மொட்டையாகிப்போன மரங்களுக்கு மெல்லிய நிழல். ஐஸ் தொழிற்சாலைக்குக் கட்டையான பெரிய நிழல். கூரை பிய்ந்து சுவர் மட்டும் நின்ற வீடுகளுக்குக்கூடப் பல் பல்லாக நிழல். அவர்கள் வரிசையின் முழுக் கூரைக்கு நிழலே இல்லை. ஓரத்தில் கோடு கிழித்தாற்போல் ஏதோ கறுப்பு, அவ்வளவுதான். தகரம் வெயிலில் மின்னிக்கொண்டு மணலோடு மணலாகப் படுத்திருந்தது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து அந்த ஓரத்துக் கறுப்பைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுவரெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. முடுக்கிவைத்த கூரை முடுக்கியபடியே தரையில் இறங்கிவிட்டது. அதற்குக் கீழே வீடுகள். அந்த வீடுகளைத்தான் அவள் பச்சை என்று சொல்லியிருந்தாள்.

ரொட்டி எட்டிப் பார்த்தான். "படுத்துக்கிச்சே" என்றான். பிறகு திரையின் மூலையிலிருந்த நேற்றைய நிறத்தையும் பார்த்தான். "யாரு பச்ச வெச்சது?"

அவள் எழுந்து வாத்தியாரின் மேசைக்குப் போனாள். நேராக நின்று எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு என் ஊர். தள்ளிவிடாமல் வைத்துக்கொண்டேன். நிழலில்லாத படம் என்று தெரிந்தும் பச்சை வைத்தேன். அப்பா அங்கே இருக்கிறார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மொதல்ல போன போடுறேன். மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

நிவாரண அறைக்குப் பேசும்போது, எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது, அந்தத் திட்டு சிவப்பு, கூரை தூக்குகிற கருவியோடு ஆள் வேண்டும், மருத்துவரும் வேண்டும், இப்போதே வேண்டும் என்றார். எங்கள் பக்கம் என்று அவர் சொன்னது அவளைக் குத்தியது. போனை வைத்துவிட்டு, வீட்டுக்குப் போ, இன்றைக்கு உனக்குக் கண் தெரியாது என்றார். போகும் வழியில் ரொட்டி தன் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவள் பையில் வைத்தான்.

அம்மாவிடம் சொல்வதை மென்று விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. கூரை இருக்கிறது, ஆனால் தரையில் இருக்கிறது, சுவர் போய்விட்டது, ஆபீஸ் படத்திலும் நன்றாக இருக்கிறது என்று நான்தான் குறித்தேன் என்றாள். அம்மா நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நேத்து நல்லாருக்குன்னியே?"

"அப்படித்தாம்மா தெரிஞ்சுது. முழுசா தெரியாமயே சொல்லிட்டேன்."

"தெரியலைன்னே சொல்லியிருக்கலாம்" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "நான் பட்டினியாவே கெடந்திருப்பேன். வயிறு முட்ட தின்னுட்டு, அந்த மனுஷன கேலி வேற பண்ணிக்கிட்டு இருந்தேனேடி."

கணவன் வந்து, விஷயத்தைக் கேட்டு, திட்டுக்குப் போகிற வழி ஏதாவது திறந்திருக்கிறதா என்று பஸ் நிலையத்தில் விசாரிக்கப் போய்விட்டான். அம்மா நறுக்கிய வெங்காயத்தை மூடி வைத்தாள், மறுபடி திறந்தாள், குப்பையில் கொட்டினாள். இவள் ஜன்னல் ஓரம் நின்று எதிர்வீட்டுச் சுவரில் நிழல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் இருந்திருந்தால் இன்னும் நூறு கூரை பார்த்திருக்கலாம். வாத்தியார் சொன்னது சரிதான், இன்றைக்கு அவளுக்குக் கண் தெரியாது.

அடுத்த நாள் சாயங்காலம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தவள் அவள்தான். இரைச்சலுக்கு நடுவில் "பாப்பா" என்ற குரலைக் கேட்டதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அந்தப் பார்வையிலேயே புரிந்துகொண்டு கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள் அம்மா. "குளிக்கல. இங்கதான் இருக்கேன்."

பிறகு அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ பேசினாள். அவர் ஐஸ் தொழிற்சாலையில் இருந்திருக்கிறார், காலில் ஒரு வெட்டு, வேறொன்றும் இல்லை, இப்போது கரைப்பக்க முகாமில் இருக்கிறார் என்று இவள் பக்கம் திரும்பித் திரும்பிச் சொன்னாள். நாய்க்குட்டிகளையும் ஒரு மீன்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாராம். அம்மா அதைச் சொல்லி, கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா பார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா உயிரோடு இருக்கிறார். வேறு எதுவும் அவளுக்கு அந்த நேரத்தில் தேவையாக இல்லை. அம்மா திடீரென்று பேச்சை நிறுத்தினாள். "எப்போ?" என்றாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. போனை மகளிடம் நீட்டினாள்.

"தையக்காரம்மா போயிட்டாங்க பாப்பா" என்றார் அப்பா.

அவர் அவசரமில்லாமல், எஞ்சினில் என்ன கோளாறு என்று விளக்குகிற மாதிரி வரிசையாகச் சொன்னார்.

"எங்களோட ஐஸ் ஃபேக்டரியிலதான் இருந்தாங்க. காத்து நின்னுச்சு, வெயில் அடிச்சுது. நான் மெஷின எடுத்துட்டு வந்துடுறேன்னு கெளம்புனாங்க. போகாதீங்க, இன்னும் பாதி இருக்குன்னு எம்பொண்ணு சொல்லியிருக்குன்னேன். தைக்க குடுத்த துணியெல்லாம் ஊரார்து, நனைஞ்சா நான் என்ன பதில் சொல்வேன்னு கேட்டாங்க. தடுக்க தடுக்க போயிட்டாங்க. அப்புறம் வந்த காத்துல தண்ணியும் சேர்ந்து வந்துடுச்சு. செவுரு எல்லாம் போய், கூரை அப்படியே உக்காந்துடுச்சு. ஒரு போல்ட் கழலல. நான் முடுக்குனதுதானே."

"அப்பா" என்றாள்.

"கேளு. உயிரோடதான் இருந்தாங்க. இடுப்புக்குக் கீழ மாட்டிக்கிச்சு. தகரத்த ஒரு ஓரத்துல வெட்டி தலைப்பக்கம் தெறந்துட்டோம். அதுக்கு மேல முடியல. இருந்த ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாரும் புடிச்சு பாத்தோம், அசையல. சட்டம் மொத்தமும் ஒரே இரும்பு. ஜாக்கி வேணும், வெட்டுற மெஷின் வேணும். என் சாமான் எல்லாம் தண்ணியில போச்சு. நான் பக்கத்துலேயே உக்காந்து ஸ்பூன்ல தண்ணி குடுத்தேன். நல்லாத்தான் பேசினாங்க. உன்ன கேட்டாங்க. இன்னும் அந்த ஆபீஸ்லதான் இருக்காளா, நம்மள மேலேர்ந்து பாத்துக்கிட்டு இருப்பா, ஆள் அனுப்புவான்னு சொன்னாங்க."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா எதிரில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படகெல்லாம் கண்ணு முன்னாடிதான் போச்சு பாப்பா. ஆத்துல ஏறி எதிர்க்கரைக்கு போச்சு, வந்துச்சு, திரும்ப போச்சு. தகரத்த தட்டினோம். சட்டைய கழட்டி ஆட்டினோம். ஒருத்தனும் திரும்பல. நேத்து காலையில பேச்சு கொழறிடுச்சு. மத்தியானம் அடங்கிட்டாங்க. சாயங்காலம் ஜாக்கியோட படகு வருது. வந்த ஆளோட சட்டைய புடிச்சுட்டேன் நான். அவரு பாவம், என்ன பண்ணுவாரு. எங்களுக்கு வந்த படத்துல உங்க வரிசைக்கு ஒண்ணும் ஆகலைன்னு போட்டிருந்துச்சுய்யான்னு சொல்றாரு."

அப்பாவின் மூச்சு போனில் கேட்டது. பின்னால் யாரோ யாரையோ சாப்பாட்டு வரிசைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ அங்கதானே இருக்க. உனக்குத் தெரிஞ்சிருக்கும். யாரும்மா அப்படி சொன்னது, நாங்க நல்லா இருக்கோம்னு? எவன் அந்த மடையன்?"

மேகம் மூடியிருந்தது என்று சொல்லலாம். அந்தப் படத்தில் யாருக்குமே தெரிந்திருக்காது என்று சொல்லலாம். அலுவலகத்தில் எத்தனையோ பேர், யார் எதைப் பார்த்தார்கள் என்று கணக்கில்லை என்று சொன்னாலும் அப்பா நம்பிவிடுவார். அவள் சொல்கிற எதையும் நம்புகிற மனிதர். அந்தக் கேள்வி காதில் விழுந்த அம்மா, சொல்ல வேண்டாம் என்பது போலத் தலையை மெல்ல ஆட்டினாள்.

"நான்தாம்பா."

அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாள். மறுபடி சொன்னாள். அந்தப் பக்கத்தில் இரைச்சல் மட்டும் ஓடியது. ஏசுவார் என்று இருந்தாள். இல்லை, பரவாயில்லை பாப்பா என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தாள். அதைத் தாங்க அவளால் முடியாது. அப்பா ஏசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மாகிட்ட குடு" என்றார்.

அவள் போனை நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.